எமன் திசையில் ஒரு குசினி

நீலவேணி தோசை சுடுவதை அந்த வீதியால் போகிற பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டு போனது. மேல்தட்டில் இருந்தவர்களுக்கு இன்னும் வடிவாகத் தெரிந்திருக்கும். சிலர் கையசைத்தார்கள். ஒரு கிழவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். லண்டனில் வால்தம்ஸ்டோவுக்குக் குடிவந்த நாளிலிருந்து வீட்டின் பின்பக்கக் குசினியில் யார் கண்ணிலும் படாமல் சமைத்து வந்த மனிசி, இப்போது முன் அறை யன்னலுக்குள் நின்று ஊருக்கே காட்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் வீடு திருத்துகிற கூத்து.

அவளுடைய கணவர் பரமேஸ்வரன் கெட்ட மனிதர் அல்ல. பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். விடிய வந்து படுத்தால் மத்தியானம் எழும்புவார், கிடைத்ததைச் சாப்பிடுவார், வம்பு தும்புக்குப் போகமாட்டார். கோயிலுக்குக்கூட இவள் இழுத்தால்தான் வருவார். அப்படிப்பட்டவர் குசினியைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் தெரிந்ததால்தான் நீலவேணியின் வாய் கட்டப்பட்டுக் கிடந்தது.

வருடத் தொடக்கத்தில் அவளுடைய மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, போய்ச் சந்தோசமாக இருங்கள் என்று டொக்டர் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நீலவேணி அதை நம்பி வீட்டுக்கு வந்தாள். பரமேஸ்வரன் நம்பவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் அவரைக் குந்தவைத்த கதிரையிலிருந்து அவர் இன்னும் எழும்பவில்லை என்றுதான் சொல்லவேண்டும். பகலில் படுத்தால் நித்திரை இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ஜூன் மாதம் யாரோ சொல்லி, யாழ்ப்பாணத்தில் மனையடி சாத்திரம் பார்க்கிற வைத்தியநாதனுக்கு போன் கார்ட் போட்டுக் கதைத்தார். "சூரியன் உதிக்கிறது வீட்டுக்கு எந்தப் பக்கம் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் சொல்லுறன்" என்றார் அவர். இதில் என்ன கஷ்டம்? பரமேஸ்வரன் ஷிப்ட் முடிந்து விடிய வருகிறவர்தானே. அடுத்த நாள் பஸ்ஸால் இறங்கும்போதே பார்த்தார். வீதியின் மேல் முனையில், தேவாலயக் கூரைக்குப் பக்கத்தில் சூரியன் பளிச்சென்று எழும்பிக்கொண்டிருந்தது. ஆகவே வீதி முனை கிழக்கு. வாசல் வடக்கு. பின்னால் இருக்கிற குசினி?

"நேர் தெற்கு" என்றார் போனில் வைத்தியநாதன். பிறகு, "எமன் திசையிலை அடுப்பு எரியுது தம்பி. வீட்டுப் பொம்பிளைக்குக் கூடாது" என்றார். அடுப்பு இருக்கவேண்டியது தென்கிழக்கு, அக்கினி மூலை. அங்கே இடமில்லையென்றால் முன்பக்கம் வடமேற்குக்கு மாற்றலாம் என்றார்.

பரமேஸ்வரன் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவவுக்கு ஒண்டும் வரப்படாது ஐயா. வேறை என்ன எண்டாலும் செய்யிறன்" என்றார். அவர் அழுதார் என்பது குரலில் தெரிந்தது. மாடிப்படியில் நின்ற நீலவேணிக்கு, போனுக்குள்ளிருந்து வந்த எமன் என்ற சொல்லும் கேட்டது, இதுவும் கேட்டது. கேட்டதாக அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை. பிடிவாதக்காரனோடு சண்டை போடலாம். தனக்காகப் பயந்து நடுங்குகிறவனோடு என்னத்தைச் சண்டை போடுவது?

திருத்துவேலையை அவருடைய பெரியம்மாவின் மகன் அம்பலவாணன் எடுத்துக்கொண்டான். ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து ஒரு வெள்ளை வானில் வருவான். சொந்தக்காரன் வேலை செய்தால் ஒரு சுகம், பூட்டைத் திறந்து விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். ஒரு துன்பம், என்ன செய்தாலும் ஏச முடியாது. முதல் கிழமையே தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டான். முன் அறைக் கூரை நனைந்து, ஊதி, ஒரு நாள் மத்தியானம் சோபாவின் மேலேயே விழுந்தது. "நல்ல காலம் மச்சாள், நீங்கள் அதிலை இருக்கேல்லை" என்றான். பிறகு கீழ்மாடி முழுக்கக் கரண்ட் நின்றுபோனது. முன் அறையில் ஒரே ஒரு பிளக் மட்டும் வேலை செய்தது. நிலப் பலகையைக் கழற்றிப் போட்டான், திருப்பிப் பூட்ட ஆணி வரவேண்டும் என்றான், ஆணி எந்த நாட்டிலிருந்து வருகிறதோ தெரியவில்லை. புதுக் குசினி அலுமாரிகள் பெட்டி பெட்டியாக வந்து நடைபாதையை அடைத்துக்கொண்டதால் கக்கூசுக்குப் போவதற்குப் பக்கவாட்டில் நண்டுபோல் நகரவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு இக்பால் இரண்டு தரம் வந்து, தங்கள் சுவரில் மாட்டியிருந்த படங்கள் விழுகின்றன என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்பலவாணன் அவருக்கும் "நல்ல காலம்" என்றுதான் பதில் சொன்னான்.

அந்த ஒற்றைப் பிளக்கில்தான் பரமேஸ்வரன் ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி மாட்டினார். "வேலை முடியுமட்டும் இதிலை சமையும். பின்னுக்குப் போகாதையும்" என்றார். நீலவேணி தலையாட்டினாள். அவருக்கு முன்னால் யன்னலில் நின்று தோசை சுட்டாள். அவர் படுத்த பிறகு மெல்லப் பின்னால் போய் தன்னுடைய காஸ் அடுப்பில் உருப்படியாக ஒரு கறி வைத்தாள். ஒரு சின்ன மாற்றம் மட்டும் வந்திருந்தது. இப்போதெல்லாம் குசினிக்குள் கால் வைத்தவுடன் பற்றரியில் ஓடுகிற தமிழ் ரேடியோவைப் போட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டால், பாட்டுக்கு என்பாள்.

அந்தக் குசினியில் அவளுக்கு அவ்வளவு பிரியம். அகலம் இல்லை, அழகும் இல்லை. ஆனால் மார்கழி மாதத்தில், லண்டன் முழுக்க இருண்டு கிடக்கிறபோது, மேகம் இல்லாத காலையில் அந்த யன்னலால் ஒரு துண்டு வெயில் நேராக வந்து பாத்திரம் கழுவுகிற சிங்குக்குள் விழும். கையை அதில் வைத்துக்கொண்டு நிற்பாள். மகள் பிறந்து, வளர்ந்து, மான்செஸ்டருக்குப் படிக்கப் போனது வரைக்கும் அவளுடைய யோசனையெல்லாம் அந்த யன்னலடியில்தான் நடந்தது. கிறிஸ்து பிறந்த நத்தார் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அம்பலவாணன் நடுச்சுவரை இடிக்கப் போகிறான். அன்றைக்கே காஸைக் கழற்றி, அந்தக் குசினியைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அது பழைய சாமான் போடுகிற இடம். சுவரைத் தாங்கப் போகிற இரும்பு உத்தரம் ஏற்கெனவே வந்து நடைபாதையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. நீலவேணி அதைப் பார்க்காமல் கடந்து போவாள்.

நத்தாருக்கு அடுத்த நாட்களில் அவளுடைய தங்கை வான்மதி பாரிசில் இருந்து ரெயிலில் வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, "அக்கா, குண்டு ஏதும் விழுந்ததே?" என்றாள்.

"இல்லை. அம்பலவாணன்" என்றாள் நீலவேணி.

ஞாயிறு பின்னேரம் வான்மதி தன் பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தாள். பிரெஞ்சுப் பகிடிப் படம், ஒரு வீடு திருத்துகிற கதை, பார்த்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்றாள். கரண்டும் டிவியும் உள்ள இடம் மேல்மாடிப் படுக்கையறை மட்டுந்தான். மூன்று பேரும் கட்டிலில் வரிசையாகச் சாய்ந்துகொண்டார்கள். பரமேஸ்வரன் முதலில் வரமாட்டேன் என்றார். "நான் கீழை பார்க்கிற படம் போதாதே?" என்றார். வான்மதி விடவில்லை.

படத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர். மனைவி காலையில் கட்டிலில் இருந்து கோப்பி குடிக்கும்போது வெயில் அவள் முகத்தில் படவேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரிய கட்டடக் கலைஞர் ஒருவர் கோடைகாலத்தில் வந்து, கழுத்துச் சால்வையை விசிறிப் போட்டு, விரலை நீட்டி, "சூரியன் இங்கே!" என்கிறார். அங்கே சுவரை உடைத்து யன்னல் வைக்கத் தொடங்குகிறார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நாசம். குளிக்கிற தொட்டி ஆளோடு கீழ்மாடிக்கு இறங்குகிறது. வேலைக்காரர்கள் மருந்துக்கடைக்காரரின் சூப்பில் சீமெந்து குழைக்கிறார்கள். கூரை சோபாவில் விழுந்தபோது நீலவேணி எழும்பி இருந்து, "இது அம்பலவாணன்தான்! அவன்தான்!" என்று கத்தினாள். கண்ணால் தண்ணீர் வந்தது. பரமேஸ்வரனும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு காலமோ. நீலவேணி படத்தை விட்டு அவரையே பார்த்தாள். இந்தச் சிரிப்புக்காக வீடு இன்னும் கொஞ்சம் இடிந்தாலும் பரவாயில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் குளிர்காலம். யன்னல் திறப்புவிழா. மனைவி புதுச் சட்டையோடு கட்டிலில் கோப்பிக் கோப்பையை ஏந்திக்கொண்டு இருக்கிறாள். கணவர் யன்னல் சீலையை இழுக்கிறார். யன்னலில் ஒரே இருட்டு. வீட்டின் மறுபக்கம், கக்கூசின் சின்ன யன்னலால், பொன்மாதிரி வெயில் கொட்டுகிறது. மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் கக்கூசில் இருந்து, முகத்தை வெயிலுக்குக் காட்டி, கோப்பி குடிக்கிறாள்.

வான்மதி கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். நீலவேணிக்கு மூச்சு முட்டியது. பரமேஸ்வரன் சிரிக்கவில்லை.

"அதைத் திருப்பிப் போடும்" என்றார்.

திருப்பிப் போட்டாள் வான்மதி. மறுபடியும் பார்த்தார். "உது உண்மையோ? இல்லாட்டிச் சும்மா பகிடிக்கோ?"

"படந்தான் பகிடி, அத்தான். சூரியன் பகிடி இல்லை. இஞ்சை கோடையிலை வடக்குப் பக்கமா விலகி உதிக்கும், குளிருக்குத் தெற்குப் பக்கமா இறங்கிவிடும். ஊரிலையும் கொஞ்சம் விலகிறதுதான், எங்களுக்குத் தெரியிறேல்லை. இந்தப் பக்கம் வரவரக் கனக்க விலகும். என்ரை வீட்டு பல்கனியிலை பார்க்கிறனான்."

பரமேஸ்வரன் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். பிறகு, "நான் பார்த்தது ஜூன்" என்றார்.

நீலவேணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள். "இஞ்சருங்கோ" என்றாள் மெதுவாக. "மார்கழியிலை விடியிற வெயில் என்ரை சிங்குக்குள்ளைதானே வந்து விழுகுது."

"ஏன் நீர் இதை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்களே? யாழ்ப்பாணத்திலை இருக்கிற மனுசனிட்டைத்தானே கேட்டனீங்கள்!"

இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த கோபம் அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது. வான்மதி எழும்பித் தேத்தண்ணீர் போடப் போகிறேன் என்று கீழே இறங்கினாள். பரமேஸ்வரன் கட்டில் விளிம்பில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். உடனே வேலையை நிறுத்துங்கோ என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனாலும் விழுங்கிக்கொண்டாள். சந்தேகத்தோடு குசினியை வைத்திருந்தால் இந்த மனிதர் இனி ஒரு நாளும் நித்திரை கொள்ளமாட்டார். அவர் தானாக நம்பவேண்டும்.

"விடியப் பார்ப்பம்" என்றார் அவர்.

திங்கள் காலை லண்டன் வானம் பழைய போர்வை மாதிரி மூடிக் கிடந்தது. மூன்று பேரும் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு குசினிக்கு வெளியே பின்வளவில் நின்றார்கள். சூரியன் எங்கே என்று கேட்டால் எல்லாப் பக்கமும் என்றும் சொல்லலாம், ஒரு பக்கமும் இல்லை என்றும் சொல்லலாம். அதற்குள் முன்வாசலில் வெள்ளை வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. அம்பலவாணன் இரண்டு வேலையாட்களோடும் ஒரு பெரிய சுத்தியலோடும் வீட்டுக்குள்ளால் பின்வளவுக்கு வந்தான்.

"அண்ணை, நடுச்சுவரை இண்டைக்கு மத்தியானத்துக்குள்ளை விழுத்திப்போடுவன்."

"கொஞ்சம் பொறு, தம்பி."

"என்னத்துக்கு?"

"சூரியன் வரட்டும்."

அம்பலவாணன் வானத்தைப் பார்த்தான். அண்ணைக்கு என்னவோ நடந்துவிட்டது என்ற முகத்தோடு நீலவேணியைப் பார்த்தான். பிறகு சுத்தியலைச் சுவரில் சாத்தினான். அது சரிந்து விழுந்து அதே சுவரில் ஒரு ஓட்டை போட்டது. பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்து உடைந்தது.

வேலிக்கு மேலால் இக்பாலின் தலை தெரிந்தது. மனிதர் விடிந்ததும் விடியாததுமாகக் கோபத்தோடு வந்திருந்தார். பரமேஸ்வரன் மன்னிப்புக் கேட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கதையைச் சொன்னார். கோடைச் சூரியன், தெற்கு, எமன், குசினி, பிரெஞ்சுக் கக்கூசு எல்லாம் கலந்து வந்தது. இக்பால் அவ்வளவையும் கேட்டார். "உங்களுக்குத் தேவை திசைதானே?" என்றார். "நான் ஒரு நாளைக்கு ஐந்து தரம் பார்க்கிறேன். நில்லுங்கள்."

தொழுகைப் பாயோடு வைக்கிற சின்னத் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசலால் சுற்றி வந்தார். நடைபாதையில் வைத்தே எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். முள் ஆடியது, சுழன்றது, ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது. அதன்படி பார்த்தால் குசினி மறுபடியும் தெற்கிலேயே இருந்தது. பரமேஸ்வரனின் முகம் செத்துப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டார். போச்சுது, எல்லாம் போச்சுது என்று நீலவேணி மனதுக்குள் சொன்னாள்.

"உது உத்தரத்தைப் பார்க்குது, அண்ணை" என்றான் அம்பலவாணன்.

எல்லாரும் காலடியில் பார்த்தார்கள். இரும்பு உத்தரம் தன் பாட்டில் படுத்திருந்தது. அந்த வீட்டில் அம்பலவாணன் சரியாகச் செய்த முதல் வேலை அதைக் கண்டுபிடித்ததுதான். இக்பால் தலையில் அடித்துக்கொண்டு, திசைகாட்டியோடு பின்வளவின் நடுவுக்குப் போனார். புல்லில் முழங்காலை ஊன்றி, பாத்திரத்தில் பால் கொண்டுபோகிறவர் மாதிரி அசையாமல் பிடித்தார். முள் ஆடி ஆடி அடங்கியது. வடக்கு என்று அது காட்டியது வீட்டு வாசலை அல்ல, வாசலுக்கும் வீதி முனைக்கும் நடுவில் ஓர் இடத்தை. பரமேஸ்வரன் கையை நீட்டி, வடக்கு, கிழக்கு என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு திரும்பினார். வீட்டின் நடுவிலிருந்து குசினிக்கு ஒரு கோடு இழுத்தால் அது எங்கே போகும் என்று பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"தென்கிழக்கு" என்றார். "நீலா, இது அக்கினி மூலை. அடுப்பு இருக்கவேண்டிய இடத்திலைதான் இருந்திருக்குது."

அந்த நேரம் பார்த்து மேகம் கொஞ்சம் கிழிந்தது. பின்வேலிக்கு மேலால், பக்கத்து வளவு மரத்துக்குள்ளிருந்து, மெலிந்த மஞ்சள் வெயில் வந்து குசினிக் கண்ணாடியில் பட்டது. வான்மதி கைதட்டினாள். இக்பால், இனிச் சுவர் இடிக்கமாட்டீர்கள்தானே என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"அப்ப இந்த உத்தரத்தை என்ன செய்யிறது?" என்றான் அம்பலவாணன்.

"உன்ரை வீட்டுக்குக் கொண்டு போ" என்றாள் நீலவேணி. சொந்தக்காரனை ஏச முடியாது என்று யார் சொன்னது? "கூரையைப் பூசித் தந்திட்டுக் கொண்டு போ. கரண்டைத் தந்திட்டுக் கொண்டு போ. என்ரை நிலப் பலகைக்கு ஆணி அடிச்சிட்டுக் கொண்டு போ!"

பரமேஸ்வரன் குசினிக்குள் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதிரையில் பொத்தென்று இருந்தார். கோடையிலிருந்து அவர் அதில் இருந்ததில்லை. "நீர் எமனுக்கு முன்னாலை நிண்டு சமைக்கிறீர் எண்டு நினைச்சு நினைச்சுச் செத்துக்கொண்டிருந்தனான்" என்றார். மறைக்காமல் அழுதார். அவள் அவருடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். போனிலை கதைச்சதைக் கேட்டனான்."

"கேட்டுப்போட்டோ பேசாமல் இருந்தனீர்?"

"வேறை என்ன செய்யிறது? நீங்கள் பயப்பிடுற நேரத்திலை நானும் பயந்தால் வீடு என்னத்துக்கு ஆகும்?"

காஸைப் பற்றவைத்து ரேடியோவைத் திருப்பினாள். தேத்தண்ணீருக்குக் கேத்திலை ஏற்றினாள். இடியப்பத்துக்குச் சொதி வைக்க வெங்காயம் உரித்தாள். திரும்பிப் பார்த்தபோது பரமேஸ்வரன் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிப் போயிருந்தார். வெயில் அவருடைய முழங்காலில் கிடந்தது. முன் அறையில் அம்பலவாணன் ஆணி அடிக்கிற சத்தம்கூட அவரை எழுப்பவில்லை.

வான்மதி குசினிக்குள் எட்டிப் பார்த்து, "அத்தான் எழும்பிவிடுவார், ரேடியோவை நிப்பாட்டன், அக்கா" என்று கிசுகிசுத்தாள்.

நீலவேணி ரேடியோவில் கையை வைத்தாள். எமன் திசை என்று காதில் விழுந்த நாளிலிருந்து அவள் ஒரு நாளும் இந்தக் குசினிக்குள் அது இல்லாமல் நின்றதில்லை. பாட்டு ஓடினால்தான், முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி அவளுக்கு இருக்காது. அதை அவள் பரமேஸ்வரனுக்கும் சொல்லவில்லை, தங்கைக்கும் சொல்லவில்லை, தனக்கே ஒழுங்காகச் சொன்னதில்லை. ரேடியோவை நிற்பாட்டினாள். குசினி அமைதியானது. கேத்தில் கொதிக்கிற சத்தமும் அவருடைய குறட்டையும் மட்டும் கேட்டன. அவள் அடுப்புக்கு நேராக நின்று, ஒரு தரமும் திரும்பிப் பார்க்காமல், சொதியைக் கிண்டத் தொடங்கினாள்.